மாப்பிள்ளை வீட்டார் திட்டுக்கு வந்த கோடை

நம் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் எழுதியாகிவிட்டது. 'எங்கள் குடும்பத்துக்குப் பிடித்த தீவு' என்று தலைப்புக் கொடுத்ததும் மாலத்தீவு வந்தது. அந்தமான் மூன்று தடவை வந்தது. மகள் வீட்டுக்குப் போன இடத்தில் யாரோ டால்ஃபினுக்கு முத்தம் கொடுக்கிற படமும் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கண்ணாடித் தரை, அதற்குக் கீழே மீன், அதைப் பார்த்துக்கொண்டே காலைச் சாப்பாடு. நான் மட்டும் 'சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைக்கு அப்பால் ஒரு திட்டு' என்று போட்டேன். உடனே ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னொருவர், "மேடம், அது தீவு இல்லை, மணல்மேடு" என்று திருத்தினார்.

சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அது தீவுதான். மூன்று பக்கம் உப்பங்கழி, நாலாவது பக்கம் கடல். படகு இல்லாமல் போகவும் முடியாது, வரவும் முடியாது. ஒரு தீவுக்கு இதற்கு மேல் என்ன யோக்கியதை வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பொம்மைக்குப் பொம்மையால் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள்.

எங்கள் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி. அப்பாவுக்கு மஞ்சக்குப்பத்தில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. பரீட்சை முடிந்த கையோடு அம்மா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்குவாள். முதுநகரில் பாசஞ்சர் ரயில் ஏறினால், ஒவ்வொரு ஊராக நின்று நின்று வெயில் தாழ்வதற்குள் கிள்ளையில் கொண்டுபோய் விடும். அப்பா ரயிலடி வரைதான் வருவார். பித்தளைக் கூஜாவில் தண்ணீர் பிடித்து ஜன்னல் வழியாக நீட்டுவார். ரயில் நகர ஆரம்பித்ததும் கையைக்கூடத் தூக்காமல் திரும்பி நடந்துவிடுவார். ஒரு வருஷம்கூட அவர் எங்களோடு திட்டுக்கு வந்ததில்லை. அத்தை வீட்டில் சாப்பிட அவருக்குப் பிடிக்காது என்று நாங்களாகவே முடிவு செய்துவைத்திருந்தோம்.

அத்தை என்றால் மாமாவின் மனைவி. மாமா அம்மாவின் தம்பி. திட்டில் சர்க்கார் போட்டிருந்த சவுக்குத் தோப்புக்கு அவர் வாட்சர். பி.ஏ. படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். அதோடு நிற்காமல், படகுத்துறையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணையே கட்டிக்கொண்டவர். முதல் குற்றத்தை மன்னித்துவிட்டார்கள். இரண்டாவதற்கு அம்மாவின் பிறந்த வீட்டில் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். நாங்கள் விவசாயக் குடும்பம், நிலபுலம் உள்ளவர்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பெருமை. நிலம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. பெருமை மட்டும் அப்படியே இருந்தது. உறவு அத்தனை பேரிலும் அந்த வீட்டு வாசலை மிதித்தவள் அம்மா ஒருத்திதான். மிதித்ததோடு இல்லாமல் வருஷம் ஒரு மாசம் பிள்ளைகளோடு போய்த் தங்கினாள்.

அத்தை மாமாவைவிட உயரம். தோள் அகலம். பேச்சு குறைவு. துறையில் எங்களைப் படகில் ஏற்றி, அவளே கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு வருவாள். சுரபுன்னை மரங்களுக்கு இடையில் படகு நுழைந்ததும் கழிச் சேற்றின் வாடை வரும். ஊறின இலையும் அவித்த முட்டையும் கலந்த மாதிரி ஒரு வாடை. உங்களுக்கெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். எனக்கு இன்றைக்கும் அந்த வாடை அடித்தால் லீவு விட்ட சந்தோஷம் வருகிறது.

மாமாவின் வீடு இரண்டு அறை, மேலே ஓலைக் கூரை. சர்க்கார் கட்டிக் கொடுத்தது. குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது, கக்கூஸ் கிடையாது. குடிக்கிற தண்ணீருக்கு மணலில் முழங்கை ஆழம் தோண்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மெல்ல ஊறும். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். கூப்பிடு தூரத்தில் கடல் கத்திக்கொண்டிருக்கும்போது இந்தத் தண்ணீர் மட்டும் எப்படி இளநீர் மாதிரி இருக்கிறது என்று தம்பி தினமும் கேட்பான். தினமும் மாமா ஒரு புதுப் பொய் சொல்வார். தோப்பில் காற்று அடித்தால் மழை வருகிற மாதிரியே சத்தம் கேட்கும். நாங்கள் அதில் படுத்துத் தூங்கி எழுந்தால் முதுகெல்லாம் சவுக்கு இலை குத்தின தடம் கோடு கோடாக இருக்கும். தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பது ஒன்றுதான் மாமா விதித்த சட்டம். மற்றபடி எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அம்மாவைச் சொல்ல வேண்டும். மஞ்சக்குப்பத்தில் அம்மா வாசலில் நின்று பேசமாட்டாள். காய்கறிக்காரரிடம்கூடக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் விலை கேட்பாள். திட்டில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அலைக்குள் நடந்து போவாள். அத்தை கையைப் பிடித்துக்கொள்வாள். பெரிய அலை வந்து இரண்டு பேரையும் புரட்டிக் கரையில் போட்டுவிட்டுப் போகும். அம்மா வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு சிரிப்பாள். சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அந்த வருஷம் எனக்குப் பதினொன்று. அக்கா பி.யூ.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். டிரங்குப் பெட்டி இறங்கின அன்றைக்குப் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். சிதம்பரம் கீழவீதியில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும்.

"ஸ்ரீமுஷ்ணத்துல பெரிய எடம். ரைஸ் மில்லு இருக்கு, ஒரே பையன். வைகாசியில வந்து பொண்ணு பாக்கறோம்னு சொல்லிட்டாங்க," என்றார். "அதனால இந்த வருசம் அந்த மணல்ல போய்க் கெடக்கற வேலையெல்லாம் வேணாம். பொண்ணு கறுத்துப்புடும்."

"வைகாசிக்குள்ள வந்துடுவோம்," என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"ஏம்மா, நான் சொல்றது வெளங்கலியா. கலரு மட்டும் இல்ல. எங்க போயிருந்தீங்கன்னு அவுங்க கேட்டா என்னா சொல்லுவ?"

"எந் தம்பி வூட்டுக்குன்னு சொல்லுவேன்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பாமலேயே, "டிக்கெட் எடுத்தாச்சுண்ணே," என்றார்.

அன்றைக்கு எனக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. பாசஞ்சர் ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்கிறவன் உலகத்தில் எவனும் கிடையாது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. பெரியப்பாவுக்கு அப்போதே உறைத்திருக்கும். பெரியம்மா கொடுத்தனுப்பினாள் என்று ஒரு ஸ்னோ பாட்டிலை மேஜைமேல் வைத்தார். "ராத்திரி ராத்திரி மூஞ்சியில பூசிக்கச் சொல்லு," என்றுவிட்டுப் போனார்.

வெள்ளைப் பீங்கான் மாதிரி கண்ணாடி, ரோஸ் நிற மூடி. திறந்தால் மல்லிகையும் மருந்தும் கலந்த வாசனை. திட்டுக்குப் போன அன்றைக்கே அக்கா அதை அத்தையிடம் கொடுத்துவிட்டாள். அத்தை முகர்ந்து பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் உட்கார்ந்து, உப்புத் தண்ணீரில் பாளம் பாளமாக வெடித்திருந்த தன் குதிகாலில் தடவிக்கொண்டாள்.

"நல்லாத்தான் கீது பாப்பா. எரிச்சல் அடங்குது," என்றாள்.

அந்தக் கோடை முழுக்க ஸ்னோ அத்தையின் காலுக்குப் போனது. அக்கா வெயிலுக்குப் போனாள். கோல் ஊன்றிப் படகு தள்ளக் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று காலையிலிருந்து கழியிலேயே கிடந்தாள். மூக்கு நுனி உரிந்தது. கை முட்டி வரை ஒரு நிறம், அதற்கு மேலே ஒரு நிறம். ஒருநாள் மாமா துறைக்கு அரிசி வாங்கப் போனவர், திரும்பி வரும்போது படகிலிருந்தே துண்டைச் சுழற்றினார். பேப்பரில் அக்காவின் நம்பர் வந்திருந்தது. பாஸ்.

அன்று சாயங்காலம் அம்மா நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"சிதம்பரத்துல பி.எஸ்ஸி. சேரணும்மா."

"சேரு."

"பெரியப்பா?"

"அவரு சேர வேணாம். நீ சேரு," என்றாள் அம்மா. அத்தை அடுப்படியிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். அத்தை அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த வாரம் பெரியப்பாவின் கடையில் வேலை பார்க்கிற ஆள் ஒருவர் படகேறி வந்தார். மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுகிறார்களாம், வருகிற வெள்ளிக்கிழமையே பெண் பார்க்க வருகிறார்களாம். அத்தை அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், மிச்சத்தையும் சொன்னார்.

"பொண்ண நாளைக்கே சிதம்பரம் கூட்டியாரச் சொன்னாரு. மஞ்சக்குப்பத்துலேர்ந்து நேரா வந்த மாதிரி வரச் சொன்னாரு. இங்க இருந்தது அவுங்களுக்குத் தெரிய வேணாமாம். இவுங்க ரெண்டு பேரப் பத்தியும் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாரு."

அத்தை அங்கேயேதான் நின்றாள். மாமா மணலைப் பார்த்தார். கதவே இல்லாத அந்த வெட்டவெளியில், அந்நிய ஆண் ஒருவரின் முகத்தை நேராகப் பார்த்து அம்மா பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வெள்ளிக்கெழமைதான? இங்க வரச் சொல்லுங்க."

"இங்கியா?"

"பொண்ணு இங்கதான் இருக்குது. பாக்கணும்னா இங்க வந்து பாக்கட்டும்."

அவர் போனதும் மாமா அம்மாவிடம் கெஞ்ச ஆரம்பித்தார். "வேணாங்க்கா. எங்களால பாப்பா கல்யாணம் நிக்கக் கூடாது. நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ஒருநாள் துறைப் பக்கம் போய்டறோம்."

"நீங்க போய்ட்டா வர்றவங்களுக்கு டீ யாரு போடுவா," என்றாள் அம்மா.

வரமாட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வந்தார்கள். கடல் காற்றுக்காகக் குடும்பத்தோடு சர்க்கார் பங்களாவில் தங்கியிருக்கிறார்கள் என்று பெரியப்பா சொல்லிவைத்திருக்கிறார். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. சர்க்கார் கட்டினது, காற்றும் வந்தது.

காலையிலேயே வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் கழியில் தண்ணீர் வற்றிவிடும் என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். அவர்கள் நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டார்கள். அதனால் கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. படகில் பெரியப்பா, மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. கடைசிப் பலகையில் எங்கள் அப்பா. இரண்டு கையாலும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது.

"சின்ன வயசுல கெடிலம் ஆத்துல முழுகிப் பொழைச்சவரு. அதுலேர்ந்து தண்ணின்னா ஆகாது," என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். இத்தனை வருஷமாக அவர் ரயிலடியிலிருந்து திரும்பி நடந்ததற்கு அர்த்தம் அதுதான். எங்களிடம் யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

மாமாவும் அத்தையும் சேற்றில் இறங்கிப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கத் தயங்கினார். அத்தை தோளைக் காட்டினாள். "என்னப் புடிச்சிக்கிட்டு வாங்கம்மா. வழுக்கும்." அந்த அம்மாள் பிடித்தார். கெண்டைக்கால் வரை சேறு. கரை ஏறுகிற வரைக்கும் அத்தையின் தோளை விடவே இல்லை.

சவுக்கு நிழலில் பாய் விரித்திருந்தோம். மாப்பிள்ளை ஒல்லியாக, நல்ல உயரமாக இருந்தார். உட்காருவதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்து, "கடல் எந்தப் பக்கம்?" என்று தம்பியிடம் கேட்டார். தம்பி கையை நீட்டிக் காட்டினான். மாப்பிள்ளை ஒரு அடி வைத்தார்.

"வெயில்ல எங்கடா போற? உக்காரு," என்றார் அவருடைய அம்மா.

மாப்பிள்ளை உட்கார்ந்தார்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். நீலத் தாவணி. அத்தை பின்னலில் தாழம்பூ வைத்துத் தைத்திருந்தாள். மூக்கு நுனியில் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"போட்டோவுல கலரா இருந்துச்சே," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அது ஸ்டுடியோ லைட்டுங்க," என்றாள் அக்கா.

மாப்பிள்ளை குனிந்துகொண்டார். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அத்தை தட்டில் டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைத் தொடாமல் அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். "இது யாரு?"

"இங்க வேலை செய்யறவங்க," என்றார் பெரியப்பா, அவசரமாக.

"எந் தம்பி பொண்டாட்டி," என்றாள் அம்மா. "இது அவ வூடு. நாங்க விருந்தாளி. நீங்களும்தான்."

"அப்படியா. நாங்க வெளியில கை நனைக்கறதில்ல," என்று அந்த அம்மாள் தட்டைத் தள்ளினார்.

"சேத்துல புடிச்சிக்கிட்டு வந்தது இவ தோளத்தான்," என்றாள் அம்மா. கோபமே இல்லாத குரலில், ஏதோ வழி சொல்கிற மாதிரி சொன்னாள். அப்பா கை நீட்டித் தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். திரும்பி வந்து அந்த அம்மாள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை அக்கா இப்போதும் சொல்லிக் காட்டுவாள்.

"கறுப்பா இருந்தாலும் பொண்ணு லட்சணம். பையனுக்கும் புடிச்ச மாதிரிதான் தெரியுது. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணத்துக்கப்புறம் இந்த எடத்தோட போக்குவரத்து இருக்கக் கூடாது. பொண்ணு மட்டும் இல்ல, நீங்களும்தான். நாலு பேரு கேட்டா எங்களால பதில் சொல்ல முடியாது."

"அதுக்கென்னாங்க. அப்படியே ஆவட்டும்," என்றார் பெரியப்பா.

"எனக்கு வேணாம் பெரியப்பா," என்றாள் அக்கா.

"உன்ன யாரும் கேக்கல."

"அதான் நானே சொல்றேன்."

பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "என்னாடா இது? நீ ஒரு வார்த்த சொல்லு."

அப்பா தம்ளருக்குள் பார்த்தார். காலியாக இருந்தது. எழுந்து போய் அத்தையிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் டீ இருக்குமாம்மா?" என்றார்.

அத்தையோடு அப்பா பேசின முதல் வார்த்தை அதுதான். அத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

இதோடு முடிந்திருந்தால் மரியாதையாக முடிந்திருக்கும். "கெளம்புங்க," என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தபோதுதான் மாமா சங்கடத்தோடு சொன்னார், "இப்பப் படகு நகராதுங்க. தண்ணி ஏறணும்."

"எப்ப ஏறும்?"

"சாயங்காலங்க."

பெண் தங்களை வேண்டாம் என்று சொன்ன வீட்டில், அதே பாயில், அதே நிழலில், அவர்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. உச்சி வெயிலில் அத்தை மடவை மீன் குழம்பு கொதிக்கவிட்டாள். வாசனை தோப்பு முழுக்கப் பரவியது. மாப்பிள்ளையின் அப்பா இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். மூன்றாவது தடவை எழுந்து நேராக அடுப்படி வாசலுக்குப் போய், "ஒரு எல போடும்மா, பசி தாங்கல," என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினார். அவர் மனைவி சவுக்கு மரத்தில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தூங்கினாரா அழுதாரா தெரியாது. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எங்களோடு கடலுக்கு வந்தார். வேட்டி முழுக்க நனைந்தது. தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்கு முன்னால் ஓடினார். அக்கா தோப்பு ஓரத்தில் நின்று பார்த்தாள். கிட்டே வரவில்லை.

பல வருஷம் கழித்து ஒருநாள் அவளைக் கேட்டேன், அந்த ஆளை உனக்குப் பிடிக்கவில்லையா என்று.

"நல்ல ஆளுதான்டி," என்றாள். "கடல் எந்தப் பக்கம்னு கேட்டான். அவங்கம்மா உக்காருன்னாங்க. உக்காந்துட்டான். நான் அதப் பாத்தேன்."

பெரியப்பா மட்டும் யாரோடும் சேரவில்லை. சேற்றில் நடந்து போய், தரை தட்டி நின்ற படகில் ஏறி, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் முழுக்க அந்தக் கறுப்புக் குடை கழியின் நடுவில் அப்படியே நின்றது. அத்தை இலை போட்டுக் கூப்பிட்டனுப்பினாள். வரவில்லை. இன்று யோசித்தால் அவர் மேல் ஒரு பக்கம் பரிதாபமாகக்கூட இருக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்ட மனுஷன். தம்பி பெண்ணை நல்ல இடத்தில் தள்ளிவிட வேண்டும் என்று அவரும் உண்மையாகத்தான் அலைந்தார். நல்ல இடம் எது என்பதில்தான் தகராறு. பரிதாபப்படுகிறேன் என்பதற்காக அவர் செய்தது சரி என்று நான் சொல்லப்போவதில்லை. தண்ணீர் ஏறியது. படகு போனது. அதற்கப்புறம் சாகிற வரை பெரியப்பா எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அப்பா அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

சொந்தக்காரர்கள் வாய் மூடவில்லை. அந்தத் திட்டிலேதான் பெண் கெட்டுப்போச்சு என்றார்கள். கெட்டுப்போன அக்கா பி.எஸ்ஸி. முடித்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஆனாள். முப்பது தாண்டி, அதே எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவரைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து கட்டிக்கொண்டாள். என் கல்யாணத்துக்கும் திட்டு தடை என்றார்கள். தடை தாண்டி வந்தவரோடு நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தாகிவிட்டது. உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. செய்த பாவத்துக்குத் தண்டனை என்று சித்தி ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். எங்களுக்குக் கடல் காட்டுவதற்காகத்தான் அம்மா வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். ஊருக்குத் திரும்புகிற அன்றைக்கு அத்தை மட்டும் துறை வரை வரமாட்டாள். வீட்டில் இருக்கிற பாத்திரம் அத்தனையையும் வெளியே போட்டுத் துலக்க ஆரம்பித்துவிடுவாள். அப்போது அது எங்களுக்கு மரியாதைக் குறைவாகத் தெரிந்தது.

மாமா போனதும் அம்மா அத்தையை மஞ்சக்குப்பத்துக்கே கூட்டி வந்துவிட்டாள். யார், என்ன உறவு என்று சந்து முழுக்கக் கேட்டார்கள். சாயங்காலமானால் இரண்டு கிழவிகளும் கை கோத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள். அந்த மார்கழிக் காலையில் கடல் எழுந்து வந்தபோது திட்டில் மாமா வீடும் இல்லை, தோப்பும் மிஞ்சவில்லை. அத்தையின் அண்ணன் வீட்டில் இரண்டு பேர் போனார்கள். அத்தை எங்கள் வீட்டில் இருந்ததால் பிழைத்தாள். அப்புறமும் சில வருஷம் இருந்தாள். எங்கள் வீட்டிலிருந்துதான் அவளை எடுத்தோம்.

அதனால் அந்த இடத்தை நினைத்து நான் உருகி அழுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அழிந்துபோன சொர்க்கம் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. மணல் இருக்கிறது, கழி இருக்கிறது, கடல் இருக்கிறது. போன தை மாசம் நானும் அக்காவும் போய்விட்டு வந்தோம். அவளுக்கு இப்போது எழுபத்தைந்து நடக்கிறது. சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிற படகு. சுரபுன்னைக்கு நடுவில் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அக்கா படகுக்காரப் பையனிடம் பேசிப் பேசி, கழியின் கடைசி வரை விடச் சொன்னாள். திட்டு தெரிந்தது. மணல்மேல் ஏதோ புதர், அடம்பங்கொடி, அதற்கப்பால் அலைச் சத்தம். ஒரு சவுக்கு மரம்கூட இல்லை. படகு நின்றது. அக்கா செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தாள். புடவையை எடுத்துச் செருகினாள்.

"அம்மா, இங்க எறங்கப் பர்மிஷன் இல்லம்மா," என்றான் பையன்.

"நான் கேக்கலியே தம்பி," என்றாள் அக்கா.

ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டாள். முழங்கால் வரை தண்ணீர். ஒருதரம் தள்ளாடினாள், நின்றுகொண்டாள், திரும்பிப் பார்க்காமல் கரையைப் பார்த்து நடந்தாள். எனக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்கூட ஆகவில்லை. ஈரத்தில் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன்.